வேர்ட்பிரஸில் தமிழ்த் தளம்: பிளகினில் பச்சை விளக்கு எரிந்தும் கூகுளில் ஏன் வரவில்லை?

கேள்வி: வேளாண்மை பற்றி வேர்ட்பிரஸில் ஒரு தமிழ்த் தளம் நடத்துகிறேன். 240 கட்டுரைகள் இருக்கின்றன. எஸ்இஓ பிளகின் (கூகுள் தேடலில் தளம் முன்னால் வர உதவும் துணை மென்பொருள்) ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு காட்டுகிறது. ஆனால் தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ‘கிரால் செய்யப்பட்டது, தற்போது இன்டெக்ஸ் செய்யப்படவில்லை’ என்ற பட்டியலில் கிடக்கின்றன. கட்டணப் பிளகின் வாங்க வேண்டுமா? ஜூம்லா என்ற வேறு மென்பொருளுக்கு மாறலாமா? அல்லது மூன்று மாதத்தில் முதலிடம் என்று உத்தரவாதம் தரும் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாமா?

பதில்:

மூன்றும் வேண்டாம். கையில் இருக்கும் வேர்ட்பிரஸும் இலவசப் பிளகினும் போதும். உங்கள் தளத்தில் சேர்க்க வேண்டியதைவிட நீக்க வேண்டியவைதான் அதிகமாக இருக்கும் என்பது என் ஊகம்.

முதலில் அந்தப் பச்சை விளக்கு. யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற பிளகின்கள் தரும் மதிப்பெண்ணைக் கூகுள் பார்ப்பதே இல்லை. நீங்கள் கொடுத்த முக்கியச் சொல் தலைப்பில் வருகிறதா, முதல் பத்தியில் வருகிறதா, மொத்தம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பிளகின் தானாகப் போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது. ஆங்கிலத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். தமிழுக்குப் பொருந்தாது. ‘நெல்’ என்று கொடுத்தால் ‘நெல்லுக்கு’, ‘நெற்பயிரில்’ என்பவை அதற்கு வேறு சொற்கள். விளக்கைப் பச்சையாக்குவதற்காகவே பலர் ஒவ்வொரு பத்தியிலும் ‘நெல் சாகுபடி, நெல் சாகுபடி’ என்று உருபு இல்லாமல் திணிக்கிறார்கள். படிக்க வந்த விவசாயி இரண்டாவது பத்தியிலேயே வெளியேறிவிடுவார். அந்த மதிப்பீட்டுப் பகுதியை அமைப்புகளில் அணைத்துவிடலாம். பிளகினின் மற்ற வேலைகள் தொடர்ந்து நடக்கும். ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்ற பெட்டி இருந்தால் அதையும் காலியாக விடுங்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

அடுத்து, சர்ச் கன்சோல் உங்களிடம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ‘கண்டறியப்பட்டது’ என்று இன்னொரு பட்டியலும் உண்டு; அதில் இருந்தால் முகவரி கூகுளுக்குத் தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. ‘கிரால் செய்யப்பட்டது’ என்றால் வந்து படித்துவிட்டது, படித்த பிறகு இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டது. முதலாவதற்கு சர்வரின் வேகமோ தளத்தின் அளவோ காரணமாக இருக்கலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் பக்கத்தின் உள்ளடக்கமே காரணம்: அதில் தனியாக ஒன்றும் இல்லை, அல்லது அதே விஷயம் வேறிடத்தில் இருக்கிறது.

பட்டியலைத் திறந்து முகவரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதிகபட்சம் ஆயிரம் வரிசைகள் காட்டும். உங்களுக்கு அது போதும். நீங்கள் எழுதிய கட்டுரைகள் அதில் எத்தனை, நீங்கள் எழுதாதவை எத்தனை? மேலே உள்ள தேர்வில் ‘சமர்ப்பித்த பக்கங்கள் மட்டும்’ என்று மாற்றினால் சைட்மேப்பில் (தளத்தின் பக்க முகவரிகளைக் கூகுளுக்குக் கொடுக்கும் பட்டியல்) உள்ளவற்றை மட்டும் காட்டும். இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் பெரியதாக இருந்தால், வேர்ட்பிரஸ் தானாகப் பெற்றுப்போட்ட பக்கங்களைத்தான் கூகுள் ஒதுக்கியிருக்கிறது. அதற்காக வருந்த வேண்டியதில்லை, கூகுள் செய்தது சரிதான்.

உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் எதுவாக இருந்தாலும் இதுதான் அதன் குணம். நீங்கள் ஒரு கட்டுரையை வெளியிடுகிறீர்கள். அது முகப்பில் வரும், வகைப் பக்கத்தில் வரும், ஒவ்வொரு குறிச்சொல் பக்கத்திலும் வரும், எழுதியவர் பக்கத்தில் வரும், மாதவாரிப் பக்கத்தில் வரும். பதிவேற்றிய ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம் ஒன்று பிறக்கும். அதில் படத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது. நீங்கள் ஒருவரே எழுதும் தளத்தில் எழுதியவர் பக்கம் என்பது முகப்பின் நகல்தான்.

இவற்றில் மோசமானது குறிச்சொல். செய்தித் தளங்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு கட்டுரைக்குப் பத்து, பதினைந்து போடுகிறார்கள்: ‘நெல்’, ‘நெல் சாகுபடி’, ‘நெற்பயிர்’, ‘நெல் விவசாயம்’. நான்கும் நான்கு பக்கங்கள், நான்கிலும் ஏறக்குறைய அதே கட்டுரைகள். ஒரே ஒரு கட்டுரைக்கு மட்டும் போட்ட குறிச்சொற்களைக் கணக்கிட்டால் உங்கள் 240 கட்டுரைகளைவிட அதிகமாக இருந்தாலும் வியப்பில்லை. அப்படிப்பட்டவற்றை அழித்துவிடுங்கள். ஒரே பொருளுடையவற்றை ஒன்றாக்குங்கள். குறைந்தது ஐந்தாறு கட்டுரைகளாவது இல்லாத தலைப்புக்குக் குறிச்சொல் தேவையில்லை. மீதமுள்ள குறிச்சொல் பக்கங்கள், எழுதியவர் பக்கம், தேதிவாரிப் பக்கங்கள் ஆகியவற்றுக்குப் பிளகினில் ‘தேடலில் காட்ட வேண்டாம்’ என்று அமைத்தால் நோஇன்டெக்ஸ் குறி விழுந்துவிடும். வகைப் பக்கங்களை அப்படியே விடுங்கள். அவை உங்களுக்குப் பயன்படும். ‘நெல்’, ‘கரும்பு’, ‘தென்னை’ என்ற வகைப் பக்கங்களின் தலையில் நான்கு வரி முன்னுரையும், முக்கியக் கட்டுரைகளுக்கு இணைப்பும் எழுதிவைத்தால் அவையே நல்ல நுழைவாயில்கள் ஆகும்.

படப் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 நவம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 6.4 முதல், புதிதாக நிறுவும் தளங்களில் இவை முடக்கப்பட்டே வருகின்றன. ஆனால் பழைய தளத்தை மேம்படுத்தினால் பழைய நிலையே தொடரும்; உங்கள் தளத்தில் நிச்சயம் பார்க்க வேண்டும். யோஸ்டில் இந்தப் பக்கங்களை நேராகப் படத்துக்கே திருப்பிவிடும் பொத்தான் இருக்கிறது. 2018 மார்ச்சில் வந்த யோஸ்ட் 7.0 பதிப்பில் இந்தப் பொத்தான் தொடர்பான பிழை ஒன்றால் பல தளங்களின் படப் பக்கங்கள் கூகுளுக்குள் புகுந்துவிட்டன. பிளகினைப் புதுப்பித்ததும் அமைப்புகளை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நோஇன்டெக்ஸ் போட்ட பக்கங்களை ரோபாட்ஸ் கோப்பிலும் (எந்தப் பக்கத்துக்கு வரக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கோப்பு) தடுத்துவிடுவார்கள், இரட்டைப் பூட்டு என்ற நினைப்பில். ரோபாட்ஸ் கோப்பில் தடுத்தால் கூகுள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே வராது. வராவிட்டால் நோஇன்டெக்ஸ் குறியையும் பார்க்காது. வேறெங்காவது அந்த முகவரிக்கு இணைப்பு இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வெறும் முகவரியாகத் தேடலில் காட்டிவிடும். ஏதாவது ஒன்றுதான், இங்கே வேண்டியது நோஇன்டெக்ஸ்.

சைட்மேப்புக்குத் தனிப் பிளகின் தேவையில்லை. 2020ல் வந்த 5.5 பதிப்பு முதல் வேர்ட்பிரஸே அதை உருவாக்குகிறது. எஸ்இஓ பிளகின் இருந்தால் அது தன்னுடையதைக் கொடுக்கும். இரண்டு பிளகின்கள் இரண்டு சைட்மேப் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒன்றை நிறுத்துங்கள்.

இப்போது முகவரி. தமிழ் போன்ற மொழிகளில் எழுதுபவர்களுக்கு உள்ள சிக்கல் இது. ஆங்கிலக் கையேடுகளில் இருக்காது. கட்டுரையின் தலைப்பையே வேர்ட்பிரஸ் முகவரியாக்குகிறது. அதற்கு உச்ச வரம்பு 200 குறிகள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு குறி. தமிழிலோ ஒவ்வொரு யூனிகோடு குறியீடும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று குறிகளாக எழுதப்படும். ஆக, ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடம். புள்ளியும் துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘நெல்’ என்ற சின்னச் சொல்லே 36 இடத்தைத் தின்றுவிடும். ‘நெல் சாகுபடியில் இலைக்கருகல் நோய் மேலாண்மை’ என்று தலைப்பிட்டால் முகவரி ‘நெல்-சாகுபடியில்-இலைக்கர’ என்று நடுச்சொல்லில் அறுந்துவிடும். ‘நெல் சாகுபடியில் இலைக்கருகல் நோய்க்கான மருந்துகள்’ என்று இன்னொன்று எழுதினால் அதற்கும் அதே முகவரிதான் கிடைக்கும். வேர்ட்பிரஸ் வாலை இன்னும் கொஞ்சம் நறுக்கி ‘-2’ சேர்க்கும்.

தமிழ் முகவரியால் தரவரிசை கெடுமா என்றால், கெடாது. கூகுள் அதைப் படித்துக்கொள்ளும். முகவரியில் உள்ள சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பும் மிகக் குறைவு. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் உங்கள் கட்டுரையைப் பகிர்ந்தால் அது நான்கு வரிச் சதவீதக் குறிகளாகப் போய் விழும். ஏதோ வைரஸ் இணைப்பு என்று நினைத்துத் தொடாதவர்களும் உண்டு. விவசாயிகளுக்கான தளத்தில் வாட்ஸ்அப்தான் பாதி வாசல். ஆகவே இனிமேல் எழுதுபவற்றுக்கு வெளியிடும் முன்பே ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொற்களில் முகவரி கொடுங்கள். பழையவற்றைத் தொடாதீர்கள். மாற்றியே தீர வேண்டிய ஒன்றிரண்டை மாற்றினால், பதிவுகளைப் பொறுத்தவரை வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும். ‘பக்கம்’ என்ற வகையில் வெளியிட்டவற்றுக்கு இந்த வசதி இல்லை; அவற்றுக்கு நீங்களே 301 திருப்பம் (பழைய முகவரியை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) அமைக்க வேண்டும்.

பிளாகர் இதைவிட மோசம் என்பது பழைய தமிழ் வலைப்பதிவர்களுக்குத் தெரியும். தமிழ்த் தலைப்பை அது சட்டை செய்யாமல் எல்லாவற்றுக்கும் ‘பிளாக்-போஸ்ட்’ என்று பெயர் வைத்து எண் போட்டுவிடும். அங்கிருந்து வேர்ட்பிரஸுக்கு வந்த தளமாக இருந்தால் அந்தப் பழைய முகவரிகள் இன்னும் எங்கெங்கோ இணைப்பாக இருக்கும். அவை சரியான கட்டுரைக்குத் திரும்புகின்றனவா என்று சோதியுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு வார இறுதியில் முடியும் துப்புரவு வேலை. அதன் பிறகும் உங்கள் சொந்தக் கட்டுரைகள் அந்தப் பட்டியலில் மிஞ்சினால், கொஞ்சம் கசப்பான பகுதிக்கு வந்தாக வேண்டும்.

தமிழில் வேளாண்மைத் தளம் நடத்துபவர்கள் பலரும் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்திலிருந்து சாகுபடிக் குறிப்புகளை எடுத்து, வரி மாற்றியோ மாற்றாமலோ போடுகிறார்கள். விதையளவு, இடைவெளி, உர அளவு எல்லாம் அதே வரிசையில் இருக்கும். பல்கலைக்கழகத்தின் மூலப் பக்கம் இருக்கும்போது கூகுள் உங்கள் பிரதியை எதற்குச் சேர்க்க வேண்டும்? உங்கள் கட்டுரையிலிருந்து ஒரு முழு வரியை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். அதே வரி வேறு பத்துத் தளங்களில் வந்தால் காரணம் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கட்டுரைகளை ஒன்றோடொன்று சேர்த்து, நீங்கள் நேரில் கண்டதை எழுதி நிரப்புங்கள், அல்லது நீக்கிவிடுங்கள். 240ல் 90 மிஞ்சினாலும் பரவாயில்லை.

தலைப்பு வைக்கும்போது தேடுபவர் என்ன தட்டச்சு செய்வார் என்று யோசியுங்கள். ‘புகையான்’, ‘குலைநோய்’, ‘ஆனைக்கொம்பன்’ என்று பூச்சியின், நோயின் பெயர் தெரிந்தவருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அவர் நேராகக் கடைக்குப் போய் மருந்து கேட்பார். தேடுகிறவர் பெரும்பாலும் பெயர் தெரியாதவர். ‘நெல் தூர் திட்டுத் திட்டாகக் காய்கிறது’, ‘தென்னையில் குரும்பை கொட்டுகிறது’, ‘மக்காச்சோளக் குருத்தில் ஓட்டை’ என்றுதான் தேடுவார். 2018ல் படைப்புழு முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்தபோது மக்காச்சோளம் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்? அறிகுறியைத் தலைப்பிலும், நோயின் பெயரை முதல் பத்தியிலும் வையுங்கள். சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் மக்கள் தட்டச்சு செய்த சொற்கள் அப்படியே இருக்கின்றன. தமிழை ரோமன் எழுத்தில் அடித்துத் தேடுபவர்களும் அங்கே தென்படுவார்கள். அதற்காக ரோமன் எழுத்தில் கட்டுரை எழுத வேண்டாம். சொற்களை மட்டும் கவனியுங்கள். தலைப்பு தேடுவதற்கான இடமாக எந்தக் கட்டணக் கருவியையும்விட அந்த அறிக்கையையே நான் நம்புவேன்.

படங்கள் உங்கள் துறையில் எழுத்துக்குச் சமம். விவசாயி தன் வயலில் பார்த்த இலையை உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இணையத்தில் எடுத்த படம் ஏற்கனவே நூறு தளங்களில் இருக்கிறது. உங்கள் வயலில் எடுத்தது உங்களிடம் மட்டும் இருக்கிறது. படத்தைச் சேர்க்கும்போது வரும் மாற்று உரைப் பெட்டியில் படத்தில் இருப்பதை ஒரு வரியில் தமிழில் எழுதுங்கள்.

துண்டறிக்கைகளைப் பிடிஎஃப் ஆகப் போட்டிருக்கிறீர்களா? பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்தால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே ரோமன் எழுத்துக் குப்பை. கூகுள் அந்தக் குப்பையைத்தான் படிக்கும். பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வராவிட்டால் யூனிகோடுக்கு மாற்றி, கட்டுரையாகவே வெளியிடுங்கள்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக: கூகுள் பக்கத்தின் வேகத்தை மதிப்பிடும் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகளில் முக்கிய உள்ளடக்கம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொடுகைக்கு 200 மில்லிவினாடிக்குள் பதில் வர வேண்டும், பக்கம் ஏற்றப்படும்போது ஆடக் கூடாது. பக்கத்தைத் தயாராக வைத்திருந்து தரும் ஒரு கேஷ் பிளகினும் அளவு குறைத்த படங்களும் பெரும்பகுதியைச் சரிசெய்யும். தமிழுக்கென்று ஒரு விஷயம் எழுத்துரு. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் நான்கு தடிமனில் தமிழ் எழுத்துரு இறக்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் சங்கம் என்று எல்லாக் கருவியிலும் நல்ல தமிழ் எழுத்துரு ஏற்கனவே இருக்கிறது. அலங்காரம் வேண்டுமென்றால் தலைப்புக்கு மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி வேகம் என்பது இரண்டு நல்ல கட்டுரைகளுக்கு இடையே முந்துவதற்கு உதவுமே தவிர, வெறும் கட்டுரையைத் தூக்கி நிறுத்தாது.

தானியங்கி மொழிபெயர்ப்புப் பிளகின் போட்டு எட்டு மொழிகளில் பக்கம் உருவாக்கும் யோசனை உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். யாரும் சரிபார்க்காத இயந்திரப் பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் நேரடியாகச் சேர்த்துவிட்டது. பக்கத்தின் நிரலில் கேள்வி-பதில் வடிவக் குறியீட்டைச் சேர்த்தால் தேடலில் அதிக இடம் கிடைக்கும் என்பதும் காலாவதியான அறிவுரை. 2023 ஆகஸ்டில் அந்த வசதியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களோடு கூகுள் நிறுத்திக்கொண்டது.

ஜூம்லாவுக்கு மாறுவதில் பயன் இல்லை. அங்கே ஒரே கட்டுரைக்கு வெவ்வேறு மெனு வழியாக வெவ்வேறு முகவரிகள் பிறக்கும். இதே வகை மென்பொருளான ட்ரூபலில் ‘நோடு’ எண் முகவரியும் பெயர் முகவரியும் அருகருகே நிற்கும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு குப்பை. மாறினால் 240 முகவரிகளுக்கும் 301 திருப்பம் எழுதி, குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். வேர்ட்பிரஸில் செய்ய முடியாத தேவை வந்தால் மட்டுமே அந்தச் சிரமத்துக்கு அர்த்தம் உண்டு.

உத்தரவாதம் தரும் நிறுவனத்தைப் பொறுத்தவரை, முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது. எந்தத் தேடலுக்கு முதலிடம் என்று கேளுங்கள். உங்கள் தளத்தின் பெயரையே தேடினால் முதலில் வரும் என்று காட்டிப் பணம் வாங்குவது பழைய வித்தை. மாதத்துக்கு இத்தனை நூறு ‘பேக்லிங்க்’ (பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு) என்று பட்டியலில் இருந்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் யாரையாவது அமர்த்துவதென்றால் சர்ச் கன்சோலின் உரிமையாளர் நிலையையும், டொமைன், ஹோஸ்டிங் கடவுச்சொற்களையும் உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். கட்டணத் தீமை இலவசமாக இறக்கித் தருகிறேன் என்பவரிடமும் எச்சரிக்கை. அப்படிப்பட்ட திருட்டுத் தீம்களில் மறைவான இணைப்புகளும் பின்கதவுகளும் இருக்கும். கூகுளில் ‘சைட்’ என்ற கட்டளையோடு உங்கள் டொமைனைத் தேடும்போது நீங்கள் எழுதாத ஜப்பானியப் பக்கங்களோ மருந்து விளம்பரங்களோ வந்தால் தளம் ஏற்கனவே ஊடுருவப்பட்டிருக்கிறது. அப்போது எஸ்இஓவை மறந்து முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும்.

குறிச்சொற்களைக் குறைத்து, நோஇன்டெக்ஸ் அமைத்த பிறகு கூகுள் அவற்றை மறுபடி வந்து பார்க்கப் பல வாரங்கள் ஆகும். இடையில் ‘சேர்க்கப்படாத பக்கங்கள்’ என்ற எண் ஏறும், ஏனென்றால் நோஇன்டெக்ஸ் பக்கங்களும் அதில்தான் எண்ணப்படும். அதைப் பார்த்துப் பதறி அமைப்புகளைத் திருப்பி மாற்றாதீர்கள். ‘இன்டெக்ஸ் செய்யக் கோரு’ பொத்தானுக்குத் தினசரி வரம்பு இருக்கிறது. திருத்தி எழுதிய கட்டுரைகளுக்கு மட்டும், ஒன்றுக்கு ஒரு முறை அழுத்தினால் போதும். இரண்டு மாதம் கழித்தும் திருத்திய கட்டுரைகள் அதே பட்டியலில் இருந்தால் அவற்றின் தலைப்புகளையும் முகப்பிலிருந்து அவற்றுக்கு எப்படி இணைப்பு கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.